நிலைத்த சங்கங்கள் செய்தது என்ன?
கேலாங்கிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

பொன்விழா மலர் என்றால் வாழ்த்துரைகள் இருக்கும், முன்னாள் தலைவர்களின் படங்கள் இருக்கும், ஆண்டுவாரியாக நடந்த நிகழ்ச்சிகளின் பட்டியலும் இருக்கும். இந்த மலரிலும் அவை உண்டு. அவற்றுக்கு நடுவே ஒரு கேள்விக்கு மட்டும் சில பக்கங்களை ஒதுக்க நினைத்தோம். தமிழ் முஸ்லிம்கள் இந்தத் தீவுக்கு வந்து ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் காலத்தில் நம் மக்கள் எத்தனையோ அமைப்புகளைத் தொடங்கினார்கள். சில இன்றும் இயங்குகின்றன. பல, தொடங்கியவர்களின் காலத்தோடு முடிந்துபோயின. நிலைத்தவை எதனால் நிலைத்தன?

50 ஆண்டுகளை எட்டிய ஒரு சங்கம் இதைக் கேட்டே ஆக வேண்டும். தொடங்கிவைத்த தலைமுறை நம்மிடமிருந்து விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு ஊரின் பெயர் தெரியும், தெருவின் பெயர் தெரியாது. இனி இந்தச் சங்கம் யாருக்காக என்பதற்கு நாம் பதில் சொல்லாவிட்டால், காலம் தானாகவே ஒரு பதிலைச் சொல்லிவிடும்.

அமைப்பின் உத்தி என்றதும் பெரிய நிறுவனங்களின் கூட்ட அறைகள் நினைவுக்கு வரலாம. நம்மைப் போன்ற சங்கத்துக்கு அது மூன்று எளிய கேள்விகள்தாம். நாம் யாருக்காக இருக்கிறோம்? அவர்களுக்கு இப்போது என்ன தேவை? அந்தத் தேவையை நிறைவேற்ற, இதுவரை செய்துவந்த எதை நிறுத்தப்போகிறோம்? முதல் இரண்டுக்கும் எல்லாச் சங்கங்களும் ஏதோ ஒரு பதில் வைத்திருக்கும். மூன்றாவதுதான் சிரமம். நம் முன்னோரின் வரலாறு இம்மூன்றுக்கும் பதில் தருகிறது.

கேலாங்கின் பெயர்ப்பலகைகள்

முதலில் நாம் கூடும் இந்தக் கேலாங்கையே பார்ப்போம். காலாங் பக்கமிருந்து கேலாங் சிராய் நோக்கி நடந்தால், ஒரு பக்கம் ஒற்றைப்படை எண் லோரோங்குகள், மறுபக்கம் இரட்டைப்படை எண் லோரோங்குகள். டுரியான் கடைகளுக்கு மேலே அண்ணாந்து பார்த்தால், பழைய கடைவீடுகளின் மாடிகளில் சீன எழுத்துப் பலகைகள் தெரியும். அவற்றில் பல, ஊர் பெயராலோ குடும்பப் பெயராலோ அமைந்த சீனச் சங்கங்களுடையவை.

அவர்களுடைய கதைக்கும் நம்முடையதற்கும் வேறுபாடு அதிகமில்லை. கப்பலில் வந்து இறங்கிய புதியவருக்குப் படுக்க ஓர் இடம், ஒரு வேலை, ஊருக்குக் கடிதம் எழுத ஓர் ஆள், பணம் அனுப்ப ஒரு வழி, இறந்துபோனால் முறையாக அடக்கம் செய்ய நான்கு பேர். இவ்வளவுக்காகத்தான் ஊர்ச் சங்கங்கள் பிறந்தன. இன்று புதியவர் விமானத்தில் வருகிறார், வேலை உறுதியான பிறகுதான் வருகிறார். பணம் கைப்பேசியில் போகிறது. கடிதம் எழுதுவாரே இல்லை. தொடக்ககாலத் தேவைகள் எல்லாம் தீர்ந்துவிட்ட நிலையில், கல்வி உதவித்தொகை, முதியோருக்கான நிகழ்ச்சிகள், கலைப் பயிற்சி என்று புதிய வேலையைக் கண்டுகொண்ட சங்கங்களின் படிக்கட்டில் இன்னும் காலடிச் சத்தம் கேட்கிறது. கண்டுகொள்ளாதவற்றுக்குப் பலகை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இதே கேலாங் ரோட்டில் இருக்கிறது கதீஜா பள்ளிவாசல். 1920ல் கட்டப்பட்டது, கதீஜா என்ற பெண்மணியின் கொடையால் எழுந்து, அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நூறாண்டு கடந்தும் அங்கே தொழுகை நடக்கிறது. லோரோங் 12ல் ஜாமியா சிங்கப்பூரின் தலைமையகம் இருக்கிறது. மௌலானா அப்துல் அலீம் சித்தீக்கி அவர்களின் முயற்சியால் 1932ல் அகில மலாயா முஸ்லிம் சமயப் பணிச் சங்கமாகத் தொடங்கிய அமைப்பு அது. மலாயா என்ற அரசியல் ஏற்பாடே மறைந்துவிட்டது, அமைப்பின் பெயரும் மாறியது. சமயப் பணியாகத் தொடங்கியது, காலப்போக்கில் முதியோர் பராமரிப்பு, ஏழைக் குடும்பங்களுக்கு உதவி என விரிந்தது. அந்த உதவியைப் பெறச் சமயம் ஒரு தடையில்லை. ஒரே சாலையில் நிலைத்தவையும் நிலைக்காதவையும் அடுத்தடுத்து இருக்கின்றன. வேறுபாட்டைப் புரிந்துகொள்ள இன்னும் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

விற்கக்கூடாது என்ற ஒரு வரி

சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம் முன்னோரை அன்று சூலியா என்றார்கள். வணிகர்கள், நாணயம் மாற்றுவோர், படகோட்டிகள் என்று பல தொழில் செய்தவர்கள். ராஃபிள்ஸ் வந்து பத்து ஆண்டுகள் முடிவதற்குள் அவர்கள் மூன்று வழிபாட்டு இடங்களுக்கு அடித்தளமிட்டுவிட்டார்கள். 1826ல் அன்சார் சாயிபு முன்னின்று தொடங்கிய சவுத் பிரிட்ஜ் ரோட்டு ஜாமிஆ சூலியா பள்ளிவாசலைப் பெரிய பள்ளி என்று அழைத்தார்கள். தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் 1827ல் கூரைக் குடிசையாகத் தொடங்கிய அல் அப்ரார் பள்ளிவாசலுக்கு குச்சுப்பள்ளி என்று பெயர். 1850களில் அது கல்கட்டடமாயிற்று, குச்சுப்பள்ளி என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

அதே தெருவில்தான் நாகூர் தர்காவும். 1827ல் காதிர்பிள்ளை என்பவருக்கு அந்த நிலம் வழங்கப்பட்டபோது, அதை விற்கக்கூடாது என்பது நிபந்தனை. 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டடம் எழுந்தது. அப்போது தெலுக் ஆயர் கடற்கரை. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் முதலில் நன்றி செலுத்திய இடம் அது. பிறகு கடலைத் தூர்த்தார்கள், கரை விலகிப்போனது, சுற்றிலும் வானுயர் கட்டடங்கள் எழுந்தன. நிலத்தின் விலை எங்கோ போய்விட்டது. ஆனாலும் அந்த இடம் நம்மிடமிருந்து போகவில்லை. 1974ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. நீண்ட காலம் மூடிக்கிடந்து, பழுதுபார்க்கப்பட்டு, 2011ல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது இரண்டு. பயன்பாடு மாறியிருக்கிறது: ஜியாரத்துக்காக எழுந்த இடத்தில் இன்று பள்ளிப் பிள்ளைகள் தம் முன்னோரின் பயணத்தைப் படித்துத் தெரிந்துகொள்கிறார்கள். மாறக்கூடாதது எது என்பது மட்டும் முதல் நாளிலேயே எழுத்தில் இருந்தது. எதை எந்நாளும் கைவிடக்கூடாது என்று தெளிவாக எழுதிவைத்தால், மற்ற எல்லாவற்றையும் காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் துணிவு தானாக வரும்.

கணக்கு இல்லாத அமானத்

எல்லா வக்ஃபுகளும் இப்படி நல்லபடியாகப் போய்விடவில்லை. நல்ல மனத்தோடு ஒருவர் சொத்தை எழுதிவைப்பார். அவர் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அவருக்குப் பின் அறங்காவலர்களுக்குள் பிணக்கு, வாரிசுகளின் உரிமைக் கோரிக்கை, வாடகை எவ்வளவு வந்தது, எங்கே போனது என்பதற்குப் பதிவேடு இல்லாமை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முஸ்லிம்களின் அறக்கொடைகளிலும் இந்துக்களின் அறக்கொடைகளிலும் இந்த நிலை காணப்பட்டது. சில வழக்குகள் நீதிமன்றப் படியேறின. கடைசியில் 1905ல் காலனி அரசு முகம்மதிய, இந்து அறக்கொடைகளுக்கென ஒரு சட்டமே இயற்றியது. அந்தச் சட்டத்தின்படி அமைந்த வாரியம், நிர்வாகம் சீர்கெட்ட அறக்கொடைகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1968ல் முஸ்லிம் அறக்கொடைகள் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் பொறுப்புக்கு வரும்வரை இந்த ஏற்பாடு நீடித்தது.

அமானத் என்பது நமக்குப் புதிய சொல்லில்லை. ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பற்றி இவ்வுலகிலும் மறுமையிலும் கேள்வி உண்டு என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நம்பிக்கை ஒரு மனிதர் மேல் மட்டும் இருந்தால், அவர் போனதும் அதுவும் போய்விடும். நம்பிக்கையைப் பதிவேட்டுக்கு மாற்றிவிட்டால் அது அடுத்தவர் கைக்கும் போகும். ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கைப் பொதுக்குழுவில் வைப்பது சங்கப் பதிவகத்துக்காகச் செய்யும் சம்பிரதாயம் என்று சிலர் எண்ணுவதுண்டு. 1905ன் வரலாற்றை அறிந்தவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். நம் கணக்கை நாமே பார்க்காவிட்டால், அதைப் பார்க்க வேறொருவர் வருவார். அப்போது முடிவெடுக்கும் உரிமையும் அவரோடு போய்விடும்.

முதலில் கடைவீடு, பிறகு குவிமாடம்

லிட்டில் இந்தியா பக்கம் போகும்போதெல்லாம் டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசலைப் பார்த்திருப்போம். சூரியக்கதிர் போன்ற அந்த முகப்பையும் குவிமாடத்தையும் படம்பிடிக்காத சுற்றுலாப் பயணி குறைவு. அந்த அழகுக்குப் பின்னால் ஒரு நிதானமான திட்டம் இருந்தது பலருக்குத் தெரியாது.

அங்கே முன்பு ஒரு மரப்பள்ளி இருந்தது. கம்போங் காப்போர் வட்டாரத்தில் வாழ்ந்த தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களும் குதிரைக்காரர்களும் அங்கே தொழுதார்கள். வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்த ஷேக் அப்துல் கஃபூர் அவர்கள், அந்த இடத்தில் கல்கட்டடப் பள்ளிவாசல் கட்ட 1907ல் பணியைத் தொடங்கினார். பள்ளிவாசல் நிலத்தில் கடைவீடுகளையும் குடியிருப்புகளையும் கட்டி, அவற்றின் வாடகையைப் பள்ளிவாசல் கட்டுமானத்துக்குச் செலவிட்டார்கள். கட்டி முடித்த ஆண்டு 1927. இருபது ஆண்டுகள்!

ஒரே ஆண்டில் கட்டி, மறு ஆண்டு கடனாளிகளாகி நின்றிருக்கலாம். அவர்கள் அவசரப்படவில்லை. வருமானத்துக்கு வழி செய்துகொண்டு, அந்த வருமானம் தாங்கும் வேகத்தில் கட்டினார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரே பத்துக் கொடையாளர்களின் கதவைத் தட்டி நடத்தும் சங்கம், அந்தப் பத்துப் பேரின் ஆயுள்வரைதான் நடக்கும். சிறிதாக இருந்தாலும் நிலையான வருமானம் உள்ள சங்கம் அடுத்த தலைமுறைக்காகத் திட்டமிடலாம்.

கடையநல்லூர் தெருவும் உமறுப் புலவர் பள்ளியும்

நம் கேள்விக்கு மிக நெருக்கமான பாடம் தஞ்சோங் பகாரில் இருக்கிறது. மேக்ஸ்வெல் உணவங்காடிக்குப் போனவர்கள் அங்கே பெயர்ப்பலகையைக் கவனித்திருப்பார்கள். அந்தத் தெருவின் பெயர் கடையநல்லூர் ஸ்திரீட். திருநெல்வேலிச் சீமையில் தறி நெய்து வாழ்ந்த மக்கள், நெசவு நலிந்தபோது கடல் கடந்து வந்து தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினார்கள். மற்ற ஊர்களிலிருந்து ஆண்கள் மட்டும் வந்த காலத்தில், இவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். பிள்ளைகள் இங்கேயே வளர்ந்தார்கள். பிள்ளைகள் இருந்ததால், பள்ளிக்கூடம் ஒன்று வேண்டும் என்ற எண்ணமும் வந்தது.

1941ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. மூன்றரை ஆண்டுப் பசியும் பயமும் முடிந்த மறு ஆண்டு, 1946ல், அந்தச் சங்கம் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரைச் சூட்டினார்கள். ஒரு பெயரிலேயே தீனும் தமிழும் சேர்ந்து நின்றன. போர் முடிந்த கையோடு, அரிசிக்கே பங்கீடு இருந்த காலத்தில், கையில் மிச்சம் ஏதுமில்லாத மக்கள் எடுத்த முடிவு இது. நூறு தேவைகள் கண்முன் நின்றபோது அவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்: பிள்ளைகளின் கல்வி.

1960ல் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. சிங்கப்பூரில் தமிழ்வழி உயர்நிலைக் கல்வி தந்த ஒரே பள்ளி என்ற பெருமை அதற்கு உண்டு. தமிழ் முஸ்லிம் பிள்ளைகளோடு மற்றச் சமயத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள்.

பிறகு காலம் திரும்பியது. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் ஆங்கிலம் தெரிந்தவர்களைத் தேடின. பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது; பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்துத்தான் செய்தார்கள். மறுபக்கம், 1971ல் பிரிட்டிஷ் படைகள் தளங்களை விட்டுச் சென்றபோது அவற்றை நம்பி வாழ்ந்த தமிழர் பலர் ஊர் திரும்பினார்கள். நகர மறுசீரமைப்பில் தஞ்சோங் பகார் குடும்பங்கள் தீவெங்கும் உள்ள வீவக அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறின. பள்ளியைச் சுற்றி வாழ்ந்த சமூகம் பள்ளியைச் சுற்றி இல்லை. மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே போய், 1982ல் பள்ளி மூடப்பட்டது. சிங்கப்பூரின் கடைசித் தமிழ்வழிப் பள்ளி அதுதான்.

இதைத் தோல்வி என்று சொல்லிவிடலாமா? அந்தப் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்தக் கதவு மூடியது வலித்தது, இன்றும் வலிக்கிறது. அந்த வலியை யாரும் சிறிதாக்க வேண்டாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. உமறுப் புலவர் பெயரைத் தாங்கிய தமிழ்மொழி நிலையம் கல்வி அமைச்சின்கீழ் இன்றும் பீட்டி ரோட்டில் இயங்குகிறது. தம் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் அங்கே வந்து தமிழ் படிக்கிறார்கள். கடையநல்லூர் முஸ்லிம் லீக்கும் இன்றுவரை செயல்படுகிறது. பள்ளிக்கூடத்தை நடத்துவதுதான் தன் நோக்கம் என்று அந்தச் சங்கம் கருதியிருந்தால், 1982ல் பள்ளியோடு சங்கமும் முடிந்திருக்கும். பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்பதே நோக்கம், பள்ளி அதற்கு ஒரு வழி. அதனால்தான் வழி அடைபட்டபோதும் சங்கம் நின்றது.

ஐம்பது காசின் வலிமை

கம்பங்களிலிருந்து மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போன அதே காலத்தில் முஸ்லிம் சமூகம் முழுவதற்கும் இன்னொரு சிக்கல் எழுந்தது. புதிய நகர்களில் பள்ளிவாசல் இல்லை. கம்பத்தில் இருந்த சூராவ்கள் மறைந்துகொண்டிருந்தன. வீட்டுக்கு வீடு உண்டியல் குலுக்கிப் புதிய நகர் ஒவ்வொன்றிலும் பள்ளிவாசல் கட்ட எத்தனை காலமாகும்?

1975ல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கியது. வேலைபார்க்கும் முஸ்லிம் ஒவ்வொருவரின் மத்திய சேம நிதிச் சந்தா வழியாக மாதம் 50 காசு. கேட்டால் யாரும் மறுக்க முடியாத அளவுக்குச் சிறிய தொகை. மலாய்க்காரரும் தமிழரும் மலையாளியும் குஜராத்தியும் ஒரே நிதிக்குக் கொடுத்தார்கள். இரண்டே ஆண்டில், 1977ல், தோ பாயோவில் முஹாஜிரீன் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. புலம்பெயர்ந்தோர் என்ற பொருள் கொண்ட பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். அதன்பின் நகருக்கு நகர் பள்ளிவாசல்கள் எழுந்தன. 1984ல் அதே நிதி மெண்டாக்கியின் கல்விப் பணிக்கும் சேர்த்து விரிவாக்கப்பட்டது. கட்டடத்துக்காகத் தொடங்கிய வழி, கட்டடத்தில் தொழப்போகும் பிள்ளைகளின் படிப்புக்கும் பயன்பட்டது.

தொகை சிறிது, கொடுப்பவர் பலர், வசூல் தடையின்றி மாதந்தோறும், நோக்கம் ஒன்று, விளைவு கண்ணுக்குத் தெரியும்படி. நல்ல உத்திக்கு இலக்கணம் எழுதச் சொன்னால் இந்த ஐந்தையும் எழுதலாம்.

அமெரிக்காவிலும் இதைப் போன்ற ஒரு வரலாறு உண்டு. இளம்பிள்ளைவாதத்தை ஒழிக்க 1938ல் அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் அறநிறுவனத்தைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு டைம், அதாவது அவர்களுடைய 10 காசு, அனுப்புங்கள் என்று மக்களிடம் கேட்டார்கள். மார்ச் ஆஃப் டைம்ஸ் என்று அந்த இயக்கம் பெயர்பெற்றது. அந்தக் காசுகளின் உதவியோடு டாக்டர் ஜோனஸ் சால்க் உருவாக்கிய தடுப்பூசி 1955ல் வெற்றிகண்டது. நோக்கம் நிறைவேறிவிட்டது! இனி அந்த நிறுவனத்துக்கு என்ன வேலை? மூடிவிடலாம், அல்லது பழைய பெருமையைப் பேசிக்கொண்டே காலம் தள்ளலாம். அவர்கள் 1958ல், பிறவிக் குறைபாடுகளைத் தடுப்பது என்ற புதிய இலக்குக்குத் திரும்பினார்கள். குழந்தைகளின் நலம் என்ற அடிப்படை மாறவில்லை. நாடு முழுதும் கட்டிவைத்திருந்த தொண்டர் படையும் வீணாகவில்லை. சங்கங்களை ஆராய்வோர் இன்றும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி இது.

ஒரே கஞ்சியை எத்தனை சட்டிகளில் காய்ச்சுவது?

நம் சமூகத்தின் பலமும் பலவீனமும் ஒன்றுதான்: ஊர்ச் சங்கம். கடையநல்லூர், தென்காசி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, தோப்புத்துறை என்று ஒவ்வோர் ஊருக்கும் பற்று உண்டு. ஊர்ப்பற்று ஆட்களைத் திரட்டும். ஊர்க்காரர் கேட்டால் தட்டமாட்டோம். ஆனால் எல்லாரும் ஒரே கல்வி ஊக்கப் பரிசு, ஒரே இஃப்தார், ஒரே குடும்ப தினம் என்று தனித்தனியே நடத்தினால், தொண்டர்களும் களைக்கிறார்கள், கொடையாளர்களும் களைக்கிறார்கள். இதை உணர்ந்துதான் 1992ல் இந்திய முஸ்லிம் பேரவை உருவாயிற்று. தனிச் சங்கங்கள் தம் அடையாளத்தோடு இருந்துகொண்டே, பொதுவான காரியங்களில் ஒரு குரலாக நிற்க ஓர் இடம்.

பேரவை இருப்பது மட்டும் போதாது. எந்த வேலை பேரவையுடையது, எது பள்ளிவாசலுடையது, எது சிண்டா, மெண்டாக்கி போன்ற அமைப்புகளுடையது என்று பிரித்துப்பார்த்து, மிச்சமிருப்பதில் நாம் மட்டுமே செய்யக்கூடியது எது என்று ஒவ்வொரு சங்கமும் தேட வேண்டும். துணைப்பாட வகுப்பை நம்மைவிடச் சிறப்பாக நடத்தும் அமைப்புகள் இருக்கும்போது, பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய்ச் சேர்ப்பதே நம் வேலை. அதே நேரம், மனைவியை இழந்து மூன்றறை வீட்டில் தனியாக இருக்கும் நம் ஊர்ப் பெரியவரின் கதவை வாரம் ஒருமுறை தட்டி, அவருடைய பேச்சுவழக்கிலேயே, "மாமா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதற்கு எந்தப் பெரிய அமைப்பும் வரப்போவதில்லை. அது நம்மால் மட்டுமே முடியும்.

அடுத்த 50க்கு

இந்த வரலாற்றையெல்லாம் நம் சங்கத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். நான்கு காரியங்களைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறோம். மஷூரா நம் மரபு. முடிவு அங்கேதான் எடுக்கப்பட வேண்டும்.

முதலாவது, தெலுக் ஆயர் நிலத்துக்கு ஒரு நிபந்தனை இருந்ததுபோல, நம் சங்கம் எதை எக்காலத்திலும் கைவிடாது என்பதை ஒரே பத்தியில் எழுதுவோம். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுவோம், பேரப்பிள்ளைக்கும் புரிய வேண்டும். ஒரு பத்திக்கு மேல் போனால் நமக்கே தெளிவில்லை என்று பொருள்.

இரண்டாவது, ஆண்டு நிகழ்ச்சிகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே யாருக்காக என்று எழுதுவோம். பதில் வராதவற்றை நன்றியோடு நிறுத்திவிடுவோம். நிறுத்துவது, தொடங்கியவர்களை அவமதிப்பதாகாது. உமறுப் புலவர் பள்ளியைத் தொடங்கியவர்களின் மதிப்பு அது மூடப்பட்டதால் குறைந்துவிடவில்லை.

மூன்றாவது, டன்லப் ஸ்திரீட்டின் கடைவீடுகளையும் 1975ன் ஐம்பது காசையும் நினைவில் வைத்து, சில பெரிய கொடைகளுக்குப் பதிலாகப் பல சிறிய மாதச் சந்தாக்களை நம்பும் நிலைக்கு வருவோம். மாதம் 5 வெள்ளி கொடுக்கும் இளைஞர், விருந்துக்கு மட்டும் வந்துபோகும் விருந்தாளியைவிடச் சங்கத்துக்கு நெருக்கமானவர். தன் பணம் இருக்கும் இடத்தைப் பற்றி அவர் கேள்வி கேட்பார். கேட்கட்டும்.

நான்காவது, பொறுப்பைக் கைமாற்றுவது. செயற்குழுவில் ஒவ்வொரு முறையும் முப்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இடம் ஒதுக்கி, எடுபிடி வேலை மட்டும் தராமல், பொருளாளர், செயலாளர் பொறுப்புகளைப் பெரியவர் ஒருவரின் துணையோடு கொடுப்போம். பெண்களுக்கும் அப்படியே. கேலாங்கில் பள்ளிவாசல் எழக் காரணம் ஒரு பெண்ணின் கொடை. தஞ்சோங் பகாரில் குடும்பங்களைத் தாங்கியது பெண்கள் அரைத்த மசாலா. மகளிர் அணி என்று சமையலறைப் பக்கம் மட்டும் நிறுத்திவைத்தால், நம் வரலாற்றையே நாம் படிக்கவில்லை என்றாகிவிடும்.

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் சங்கத்தில் ஏன் சேர்ந்தார்கள் என்று பிள்ளைகளை விட்டுக் கேளுங்கள். படுக்க இடமில்லாமல் வந்தேன், இடம் கொடுத்தார்கள் என்று ஒருவர் சொல்வார். உம்மா மௌத்தான செய்தி வந்த நாளில் கூட இருந்தார்கள் என்று இன்னொருவர் சொல்வார். பிறகு அதே பிள்ளையிடம், உனக்கு ஒரு சங்கம் எப்போது தேவைப்படும் என்று கேளுங்கள். அந்தப் பதிலை எழுதிச் செயற்குழுவுக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த 50 ஆண்டுகளுக்கான திட்டத்தை நாங்கள் அந்தக் கடிதங்களிலிருந்துதான் தொடங்கப்போகிறோம்.

நம் முன்னோரின் உழைப்பை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. அவர்கள் ஒப்படைத்த அமானத்தைக் குறையின்றி அடுத்தவர் கையில் சேர்க்கும் வாய்ப்பை நமக்குத் தருவானாக. ஆமீன்.